கடைமடையில் ஓடும் எமுலேட்டர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் கம்ப்யூட்டர் கேள்வி-பதில் பகுதியில், சோனியின் பழைய ப்ளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு வந்த கேம்களை லேப்டாப்பில் ஆட என்ன வழி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, உருவாக்குங்கள், அதற்குள் விண்டோஸ் ஏற்றி, அதற்குள் வேறு பெட்டியின் கேமை ஓட வைக்கும் எமுலேட்டரை நிறுவினால் பாதுகாப்பாகவும் வேகமாகவும் ஓடும் என்று பதில் வந்திருந்தது. பாதுகாப்பு என்பது பாதி சரி. வேகம் என்பது முழுத் தவறு. மன்னார்குடியில் 2007-லிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அதற்கும் முன்னாலிருந்தே உங்கள் பேப்பர்தான் வாங்குகிறேன், இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பதிலை அப்படியே நம்பிச் செய்த ஒரு பையன் செவ்வாய்க்கிழமையே என் கடைக்கு வந்துவிட்டான்.

நீடாமங்கலம் பக்கத்துப் பையன், பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறான். "அண்ணே, பேப்பர்ல போட்டிருந்த மாதிரியேதான் செஞ்சேன், ஒரு எழுத்து மாத்தல. பத்து நிமிஷத்துல சூடாகி அதுவா ஆஃப் ஆயிடுது" என்றான். போட்டுக் காட்டச் சொன்னேன். 4 ஜிபி ராம், சாதாரண ஹார்டு டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் 2 ஜிபியை மெய்நிகர் இயந்திரத்துக்குப் பிரித்துக் கொடுத்து, உள்ளே விண்டோஸ் 10 ஏற்றி, அதற்கும் உள்ளே எமுலேட்டரைப் போட்டிருந்தான். மூன்று நாள் மெனக்கெட்டிருக்கிறான், வேலை சுத்தமாகவே இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கேமைத் தொடங்கியதும் முதல் திரை துண்டு துண்டாக வந்தது, பாட்டு கர்ர் கர்ர் என்று அறுந்து அறுந்து விழுந்தது, ஃபேன் சத்தம் மோட்டார் கொட்டகை மாதிரி ஏறிக்கொண்டே போனது, அடியில் கை வைத்துப் பார்த்தால் தோசைக்கல். கேமுக்குள் ஒரு நொடி நகர வெளியே நான்கைந்து நொடி ஆனது.

ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் இருந்தது. அது என்னவென்று கேட்டேன், அழகுக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றான். அது அழகுக்கு இல்லை. விண்டோஸுக்குள் ஹைப்பர்-வி என்று இன்னொரு மெய்நிகராக்க ஏற்பாடு ஏற்கெனவே விழித்திருந்தால், மெய்நிகர் இயந்திரத்துக்கென்றே ப்ராசசரில் இருக்கும் வசதி அதன் கைக்குப் போய்விடும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில், மெதுவான வழியில் ஓட வேண்டியிருக்கும், அதைத் தெரிவிக்கத்தான் அந்த ஆமை. உங்கள் பதிலில் இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போய், இன்டெல் ப்ராசசர் என்றால் வி.டி.எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை ஆன் செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

சரி, அடிப்படைக்கு வருகிறேன். எமுலேட்டரும் மெய்நிகர் இயந்திரமும் ஒன்று இல்லை, பதில் எழுதியவர் இரண்டையும் ஒரே சாமானாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

எமுலேட்டர் என்பது மொழிபெயர்ப்பாளர். நம் சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய டிவி கேம் பெட்டி இருக்கிறதே, அது நின்டென்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்தான், தைவானிலும் சீனாவிலும் செய்து வந்தவை. அந்த ஃபேமிகாமின் மூளை 6502 என்ற ப்ராசசர் வகையைச் சேர்ந்தது, சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகம், வேலை செய்ய வெறும் 2 கேபி நினைவகம். அதன் பாஷை வேறு, நம் லேப்டாப்பில் இருக்கும் ப்ராசசரின் பாஷை வேறு. கேசட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, இதற்கு இந்தக் கம்ப்யூட்டரில் என்ன அர்த்தம் என்று மாற்றிச் சொல்லி, கூடவே அந்தப் பெட்டியின் படச் சிப்பும் ஒலிச் சிப்பும் அதே நொடியில் என்ன செய்திருக்கும் என்பதையும் நடித்துக் காட்டுவதுதான் எமுலேட்டர்.

மெய்நிகர் இயந்திரம் அப்படி இல்லை. உள்ளே ஓடுகிற விண்டோஸும் வெளியே ஓடுகிற விண்டோஸும் ஒரே பாஷைதான், மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் நடுவில் தட்டி வைத்து மறைத்து இன்னொரு குடும்பத்தைக் குடி வைப்பது மாதிரி. அடுப்பு ஒன்று, கிணறு ஒன்று, கரண்டு மீட்டர் ஒன்று, ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தனி வீடு மாதிரித் தெரியும். குழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1999-ல் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி விர்ச்சுவல் கேம் ஸ்டேஷன் என்று ஒன்றை விற்றது, அது ப்ளேஸ்டேஷன் கேம்களை ஆப்பிள் மேக்கில் ஓட வைக்கும் எமுலேட்டர். அதே கம்பெனி விற்ற இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல் பிசி, அதை 2003-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இரண்டு பெயரிலும் விர்ச்சுவல் இருக்கிறது, ஆனால் எமுலேட்டரை ஓட்ட மெய்நிகர் இயந்திரம் வேண்டும் என்று அவர்களும் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பையனின் லேப்டாப்பை யோசித்துப் பாருங்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, பாமணியாறு கோரையாறு என்று போய், வாய்க்கால் வாய்க்காலாக நுழைந்து கடைமடைக்குப் போய்ச் சேரும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று நம் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 4 ஜிபி ராமில் வெளியே இருக்கிற விண்டோஸ் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளும், பிறகு விர்ச்சுவல்பாக்ஸ், பிறகு உள்ளே இருக்கிற விண்டோஸ், எல்லாம் குடித்து முடித்த பிறகு மிச்சம்தான் எமுலேட்டருக்கு. ராம் போதாமல் போனதும் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும், அங்கே எல்லாம் நின்றுவிடும். ப்ராசசர் நேரமும் முறைப்பாசனம் மாதிரிதான், யாருக்கு எப்போது முறை என்று வெளியே இருக்கிற விண்டோஸ்தான் தீர்மானிக்கிறது. மற்ற வேலைகளுக்கு முறை கொஞ்சம் தாமதமாக வந்தால் பரவாயில்லை, லெட்டர் டைப் அடிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கேம் நொடிக்கு 60 படம் காட்ட வேண்டும், ஒரு படத்துக்கு 16 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல், அந்த நேரத்தில் முறை தவறினால் படம் துள்ளும், பாட்டு அறுபடும்.

நியாயமாகச் சொன்னால், ப்ராசசரில் அந்த வசதியை ஆன் செய்து சரியாக அமைத்தால் கணக்குப் போடும் வேகத்தில் பெரிய இழப்பு இருக்காது. அடி விழுவது கிராபிக்ஸில். தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உண்மையான கிராபிக்ஸ் சிப் நேரடியாகக் கிடைக்காது, விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு போலி கார்டைக் காட்டும், அது ஆபீஸ் வேலைக்குப் போதும். ப்ளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு அது எந்த மூலைக்கு? 2000 மார்ச்சில் வந்த அந்தப் பெட்டியில் 294 மெகாஹெர்ட்ஸ் மூளை, 32 எம்பி ராம்தான், எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் அதோடு இரண்டு கணக்குப் பிரிவுகள், தனி படச் சிப், போதாததற்குப் பழைய ப்ளேஸ்டேஷன் 1-ன் ப்ராசசரையே வெளிவேலை பார்க்க உள்ளே வைத்திருக்கிறார்கள், இத்தனையையும் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் நடித்துக் காட்ட வேண்டும். பி.சி.எஸ்.எக்ஸ்.2 மாதிரி எமுலேட்டர் நல்ல கிராபிக்ஸ் சிப்பை நேராகப் பிடித்து வேலை வாங்குகிற சாமான். அதைக் கொண்டுபோய்த் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

பையனிடம் உள்ளதைச் சொன்னேன். இந்த லேப்டாப்புக்கு ப்ளேஸ்டேஷன் 2 வேண்டாம் தம்பி, வெளியே நேரடியாகப் போட்டாலும் திணறும். மெய்நிகர் இயந்திரத்தை எடுத்துவிட்டு, ப்ளேஸ்டேஷன் 1-க்கு டக்ஸ்டேஷன், சோனியின் கையடக்கப் பெட்டியான பி.எஸ்.பி.-க்கு பி.பி.எஸ்.எஸ்.பி.பி., டிவி கேமுக்கு எஃப்.சி.இ.யு.எக்ஸ், மூன்றையும் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து இறக்கி நேராக விண்டோஸிலேயே போட்டுக் கொடுத்தேன். மூன்றும் முழு வேகத்தில் ஓடின, ஃபேன் சத்தம்கூடப் பெரிதாக எழவில்லை. பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதற்கு மூன்று நாள் தேவையே இல்லை, அரை மணி நேர வேலை.

எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான்: உங்கள் பகுதியைப் படிக்கிற பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் அரசு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான், அக்கா படித்து முடித்துத் தம்பிக்கு வரும், தம்பி முடித்துச் சித்தி பெண்ணுக்குப் போகும். கீல் உடைந்து, பேட்டரி போய், பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஒரு பக்கமும் விண்டோஸ் ஒரு பக்கமுமாக இன்றைக்கும் என் கடைக்கு வருகின்றன. அதில் நேரடியாகப் போட்டால் டிவி கேம் அருமையாக ஓடும். மெய்நிகர் இயந்திரம் போடச் சொன்னால், நம் கம்ப்யூட்டர் லாயக்கில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுவார்கள்.

டிவி கேம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை. என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது என் மகளுக்கு எமுலேட்டரில் டிவி கேம் ஆடிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "அண்ணே, பாட்டு ஓடுறாப்ல இருக்கே, நம்ம பாட்டு இவ்வளவு வேகம் இல்லையே" என்றான். நானும் கேட்டுப் பார்த்தேன், உண்மைதான். எமுலேட்டர் பெட்டியை ஜப்பான், அமெரிக்கக் கணக்கில் நொடிக்கு 60 படமாக ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து நம் டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். நமக்கு வந்த நகல் பெட்டிகளும் அதற்குத் தகுந்தபடி 50-ல்தான் ஓடின, படக் கணக்கை வைத்தே பாட்டும் நகர்வதால் பாட்டும் கொஞ்சம் நிதானமாக வரும். எஃப்.சி.இ.யு.எக்ஸில் பிராந்தியம் தேர்ந்தெடுக்கிற இடத்தில் டென்டி என்று ஒன்று இருக்கிறது, ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது, அதுவும் 50 படக் கணக்கு. அதைத் தட்டினேன். பாட்டு அப்படியே இறங்கி உட்கார்ந்தது. தம்பி கன்ட்ரோலரை மகளிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். "சித்தப்பா, ஏன் ஆடலையா?" என்று அவள் கேட்டது கூட அவன் காதில் விழவில்லை.

அப்புறம், மெய்நிகர் இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு இரண்டு நல்ல இடம் இருக்கிறது, இரண்டையும் என் கடையில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, நம்பிக்கை இல்லாத சாமானைத் திறந்து பார்க்க. இரண்டு வருடத்துக்கு முன் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு எம்.எஸ்சி. மாணவி அப்பாவோடு வந்தாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப்பற்றி ப்ராஜெக்ட், ஏழு மாத வேலை, சேற்றில் இறங்கி எடுத்த படங்களும் அளவுகளும் எல்லாம் அந்த லேப்டாப்பில். வீட்டில் அவள் தம்பி, எமுலேட்டரும் நூறு கேமும் ஒரே செட்டப்பில் என்று ஏதோ ஒரு தளத்தில் இருந்ததை இறக்கி இரண்டு தடவை கிளிக் செய்திருக்கிறான். மறுநாள் காலையில் எல்லா ஃபைலுக்கும் பின்னால் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை, திரையில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. என்னால் எதையும் மீட்க முடியவில்லை. கைடுக்கு மெயில் அனுப்பிய இரண்டு அத்தியாயமும், செல்போனில் தங்கியிருந்த சில படங்களும்தான் மிச்சம். அவள் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, எவ்வளவு செலவானாலும் பரவால்ல, நெல்லு போட்ட காசு வரட்டும், தந்துடறேன்" என்று அவர் சொன்னதும், செலவு செய்து ஆகிற காரியம் இல்லை ஐயா இது என்று நான் சொன்னதும் இன்னும் மனதில் இருக்கிறது. அந்த செட்டப்பை ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள், நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத் திறந்திருந்தால், நாசம் அந்தத் தட்டிக்குள்ளேயே முடிந்திருக்கும். ஸ்நாப்ஷாட், அதாவது அந்த இயந்திரத்தின் அப்போதைய நிலையின் பதிவு, எடுத்து வைத்திருந்தால் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

செட்டப் ஃபைலில்தான் ஆபத்து, கேம் ஃபைல் என்ன செய்யும் என்று கேட்பார்கள். அதுவும் செய்யும். இசட்.எஸ்.என்.இ.எஸ் என்று ஒரு காலத்தில் ரொம்பப் பேர் வைத்திருந்த சூப்பர் நின்டென்டோ எமுலேட்டர், 2007-க்குப் பிறகு அதில் புதுப் பதிப்பு வந்து நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றே திரித்துச் செய்த ஒரு கேம் ஃபைலை அதில் திறந்தால், அந்த ஃபைல் எமுலேட்டரை விட்டு வெளியே வந்து கம்ப்யூட்டரையே கையில் எடுத்துக்கொள்ள முடியும் என்று 2015-ல் காட்டிவிட்டார்கள். பழைய எமுலேட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் அதை மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்து ஓட்டுவது புத்திசாலித்தனம். அந்தக் காலத்துக் கேம்களுக்கு அது தாங்கும்.

ஆனால் அந்தத் தட்டியும் இரும்புச் சுவர் இல்லை என்பதை உங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஷேர்டு ஃபோல்டர் போட்டு வெளியே இருக்கும் டாக்குமென்ட்ஸ் முழுவதையும் உள்ளே காட்டிவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்தால் அர்த்தமே இல்லை, பணம் கேட்கிற அந்த வைரஸ் அந்தக் கதவு வழியாகவே வந்துவிடும். கிளிப்போர்டு பகிர்வையும் மூட வேண்டும். இந்த மென்பொருள்களிலேயே ஓட்டை விழுவதும் உண்டு: 2015 மே மாதம் வெனம் என்று பெயர் வைத்த ஒரு ஓட்டை வெளியே வந்தது, மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் போலி பிளாப்பி டிரைவில் இருந்த பிழை, 2004-லிருந்து யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. இன்றைக்கு யார் பிளாப்பி வைத்திருக்கிறார்கள்? அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. அப்டேட் வந்தால் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது இடம், என் வீட்டிலேயே நடந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் எங்களைக் கடந்து போனபோது, ஓட்டு வீட்டின் பின்கட்டு திறந்துகொண்டது. பரணில் இருந்த டிவி கேம் பெட்டி, கேசட், தம்பியின் பழைய டெஸ்க்டாப் எல்லாம் நனைந்து ஊறிவிட்டன. கரண்டு வரவே பல நாள் ஆயிற்று, அதுவரை வெயிலில் காய வைத்ததுதான் வைத்தியம். கேசட்டின் தகட்டுப் பற்களில் பச்சை பூத்திருந்தது, பள்ளிக்கூட ரப்பரை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மூன்றில் ஒன்றை மட்டும் பிழைக்க வைத்தேன். டெஸ்க்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது, ஆனால் அந்த 40 ஜிபி ஐ.டி.இ. ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பி. கன்வெர்ட்டரில் மாட்டியதும் சுற்ற ஆரம்பித்தது. அதற்குள் தம்பி 2004-ல் ஆடி நிறுத்தி வைத்த ப்ளேஸ்டேஷன் 1 கேம் ஒன்றின் சேவ் ஸ்டேட் இருந்தது. கேமின் சி.டி. அவனிடமே இருந்தது, பெட்டியோடு வாங்கியது.

சேவ் ஸ்டேட் என்பது கேம் தானாகச் சேமிப்பது இல்லை, எமுலேட்டர் அந்த நொடியில் இருந்த மொத்த நினைவகத்தையும் அப்படியே பிடித்து வைப்பது. அதனால் எந்த எமுலேட்டரின் எந்தப் பதிப்பில் எடுத்தோமோ அதில்தான் பெரும்பாலும் திறக்கும். அவன் பயன்படுத்தியது இ.பி.எஸ்.எக்ஸ்.இ. என்ற எமுலேட்டரின் ஒரு பழைய பதிப்பு. என் விண்டோஸ் 10-ல் அது திறந்தது, ஆனால் அதில் படம் வரைகிற துணை நிரலான பழைய கிராபிக்ஸ் பிளக்-இன் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு நின்றது. அப்போதுதான் மெய்நிகர் இயந்திரத்தை எடுத்தேன். அந்த டெஸ்க்டாப்போடு வந்த பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. சி.டி.யை வைத்தே உள்ளே எக்ஸ்.பி. போட்டேன், 512 எம்பி ராம் தாராளமாகப் போதும். 2014 ஏப்ரலோடு எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் நெட்வொர்க்கை முழுவதும் எடுத்துவிட்டேன். கிராபிக்ஸ் கார்டை நம்பாமல், ப்ராசசரே கணக்குப் போட்டுப் படம் வரைகிற சாஃப்ட்வேர் பிளக்-இன்னைத் தேர்ந்தெடுத்தேன், ப்ளேஸ்டேஷன் 1 என்பது 33 மெகாஹெர்ட்ஸ் பெட்டிதான் என்பதால் கடைமடைக்கு வந்த தண்ணீரே அதற்குப் போதுமானதாக இருந்தது. சேவ் ஸ்டேட்டைத் திறந்தேன். பதினான்கு வருடத்துக்கு முன் அவன் நிறுத்திய இடத்தில், ஒரு பாலத்தின் நடுவில், ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அங்கிருந்து நடத்திக்கொண்டுபோய், கேமே சேமிக்கச் சொல்லும் இடம் வரை போய், மெமரி கார்டில் சேமித்தேன். மெமரி கார்டு வெறும் 128 கேபி ஃபைல், அதைப் பெரும்பாலான ப்ளேஸ்டேஷன் 1 எமுலேட்டர்கள் படிக்கும். ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஷேர்டு ஃபோல்டரைத் திறந்து, அந்த ஒரு ஃபைலை வெளியே எடுத்து, மறுபடி மூடிவிட்டு, வெளியே விண்டோஸில் ஓடுகிற வேறொரு எமுலேட்டரில் போட்டேன். அதன் பிறகு அந்த எக்ஸ்.பி. இயந்திரத்தை நான் கேம் ஆடத் திறந்ததே இல்லை. தம்பி சிங்கப்பூரில் தன் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை வைத்து மிச்சத்தை ஆடி முடித்தான். மெய்நிகர் இயந்திரத்தின் வேலை அங்கே அவ்வளவுதான், பூட்டிய பழைய அறையைத் திறந்து சாமானை எடுத்துக்கொண்டு வருவது.

சட்டத்தைப்பற்றியும் உங்கள் பதில் மௌனமாக இருந்தது. எமுலேட்டர் செய்வதே குற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை. மேலே சொன்ன கனெக்டிக்ஸ் மேல் சோனி வழக்குப் போட்டு, 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது அழிந்துபோனால் உதவும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. என் தம்பியின் சி.டி.யை நான் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே ஃபைலாக நகல் எடுத்து வைப்பது அந்த வழி. ஆயிரம் கேம் இலவசம் என்று போட்டிருக்கும் தளத்தில் இறக்குவது அந்த வழி இல்லை. ப்ளேஸ்டேஷன் 2-க்கு அந்தப் பெட்டியைத் தொடங்கி வைக்கிற பயாஸ் ஃபைல் வேண்டும், அதையும் சொந்தப் பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்து ஓட்டினால் யாருக்கும் தெரியாது, அதனால் தப்பில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள், அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. கடையில் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். ப்ளேஸ்டேஷன் 2 பெட்டி செய்வதை சோனி 2013 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் லென்ஸும் தகடும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும், என் மேஜைக்கு வருவது எல்லாம் அப்படி அரித்துப்போனவைதான். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன, பூச்சி அரிப்பதற்கு முன் யாரோ உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி வைத்ததால்தான் பல சுவடிகள் நம் கைவரை வந்தன. நம் வீட்டு சி.டி.க்கும் கேசட்டுக்கும் அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும், அதற்கு எமுலேட்டர் வேண்டும், அது சரியாக ஓடவும் வேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அடுத்த ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போட வேண்டும். எமுலேட்டரை நேரடியாகவே போடுங்கள், அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், மெய்நிகர் இயந்திரம் வேகத்துக்கு இல்லை, சந்தேகமான சாமானைச் சோதிக்கவும் பழைய விண்டோஸ் தேவைப்படும்போதும் மட்டும், அப்போதும் நெட்வொர்க்கையும் ஷேர்டு ஃபோல்டரையும் மூடிவிட்டு, என்று இவ்வளவு இருந்தால் போதும். அந்தப் பச்சை ஆமையைப்பற்றியும் ஒரு வரி சேருங்கள், நிறையப் பேர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நீடாமங்கலம் பையன் நேற்று மறுபடி வந்தான், கூட வகுப்பு நண்பர்கள் மூன்று பேர், மூன்று பேர் பையிலும் லேப்டாப், மூன்றிலும் உங்கள் பதிலைப் பார்த்துப் போட்ட விர்ச்சுவல்பாக்ஸ். ஒன்றில் மட்டும் 8 ஜிபி ராம் இருந்தது. நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
மன்னார்குடி.